வேலைக்கு விறகு வாங்குவதா, கூலிக் காசில் விறகு வாங்குவதா?

ஆவணி, புரட்டாதி மாதங்களில் இலங்கையின் வடக்கே வன்னியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் விறகுப் பேச்சு இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரைக்கும் காய்ந்த கொள்ளி கிடைப்பது கஷ்டம். காட்டுப் பாதையும் சேறாகிவிடும். காணியும் உழவு மெசினும் உள்ளவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வேலை செய்யக் கையிருந்து, விறகுக்கு மரமோ ஏற்றி வர வாகனமோ இல்லாத வீடுகள்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒருவரின் காணியைத் துப்புரவாக்கி, வேலியை அடைத்துக் கொடுத்துவிட்டு விறகாகவே வாங்கலாம். அல்லது நாள் கூலியைக் காசாக வாங்கி, அந்தக் காசில் விறகை அந்தர் என்ற நிறைக் கணக்கில் வாங்கலாம்.

காசு நல்லது என்று சொல்பவர்களின் நியாயம் எனக்கு விளங்கும். காசு பள்ளிக்கூடக் கொப்பிக்கும் உதவும், மருந்துக்கும் உதவும். ஊரில் நாள் கூலி எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் ஏமாற்றுவது கடினம். விறகு வாங்கப் போனால் காய்ந்ததைப் பார்த்து எடுக்கலாம்.

ஆனால் விறகு தேவைப்படும் மாதங்களில் காணிக்காரர் கையில் காசு இருக்காது. காலபோக விதைப்புக்கு நெல், உழவுக் கூலி, பசளை என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். மாசி, பங்குனியில் நெல் வெட்டி விற்ற பிறகுதான் கை நிமிரும். அதனால் புரட்டாதியில் செய்த வேலைக்கு "சூடு அடிச்சாப் பிறகு தாறன் தம்பி" என்ற பதில்தான் வரும். அதே நேரத்தில் அவரின் வளவுக்குள் வெட்டி விழுத்திய வேம்பும் விளாத்தியும் சும்மா கிடக்கும். "அண்ணை, வேலியை நான் அடைச்சுத் தாறன், அந்தக் கொப்புகளை எனக்கு விடுங்கோ" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் அன்றைக்கே காரியம் முடியும். விறகுக் கூலி இவ்வளவு காலம் நின்று பிடித்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணத்தைப் பெண்கள் சொல்வார்கள். காசாக வந்த கூலி கிழமைக்குக் கிழமை வரும் நுண்கடன்காரருக்குப் போகலாம், சில வீடுகளில் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்துக்கும் போகலாம். விறகாக வந்தது குசினிக்குத்தான் போகும். யுத்தத்துக்குப் பிறகு பெண்கள் தனியாகத் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. அந்த வீடுகளில் பாலையையோ வீரையையோ கோடரி போட்டுப் பிளக்க ஆள் இல்லை. இரண்டும் இரும்பு மாதிரியான மரங்கள். இரண்டு நாள் களை பிடுங்கிக் கொடுத்து, அல்லது கச்சான் (நிலக்கடலை) பிடுங்கிக் கொடுத்து, கொத்திய விறகாக வாங்குவது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

சரி, அப்படியானால் விறகுக் கூலிதான் நல்லதா? அளவைப் பேசாமல் இறங்கினால் இல்லை. இந்த இடத்தில்தான் வேலை செய்தவர் தோற்கிறார். ஒரு அந்தர் என்பது 112 இறாத்தல், கிட்டத்தட்ட 51 கிலோ. இன்றைக்கு வெட்டிய பச்சை மரத்தில் பாதியளவு தண்ணீராகவே இருக்கலாம். அந்த ஒரு அந்தரைக் காயப்போட்டால் மிஞ்சுவது 30 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான். பச்சை விறகை நிறுத்து வாங்கினால் பாதிக் கூலியைத் தண்ணீருக்குக் கொடுத்த கணக்கு. எரிக்கும்போதும் அந்தத் தண்ணீர் வற்றும்வரை உலைக்குச் சூடு ஏறாது, குசினி முழுக்கப் புகைதான் வரும்.

நிறுக்காமல் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டிக் கணக்கில் பேசினால் வேறு தொல்லை. கோணல் கொப்புகளை எறிந்து நிரப்பிய பெட்டிக்குள் காற்றுத்தான் அதிகம். நேராக வெட்டி நெருக்கி அடுக்கிய பெட்டி அதைவிட எவ்வளவோ கூட நாள் எரியும். இரண்டுக்கும் பெயர் "ஒரு பெட்டி" தான். ஆகவே வேலைக்கு இறங்கு முன்னரே நாலு விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும்: பச்சையா காய்ந்ததா, முழுத் தடியா கொத்தியதா, அடுக்கிய பெட்டியா எறிந்த பெட்டியா, வீட்டு வாசலுக்கு ஏற்றித் தருவது யார். கடைசிக் கேள்வியை எல்லாரும் மறப்பார்கள். ஏற்றுக் கூலியை வேலை செய்தவரே கொடுக்க வேண்டி வந்தால், சில வேளை அந்தக் காசுக்குச் சந்தியிலேயே விறகு வாங்கியிருக்கலாம். காணிக்காரரிடம் மெசின் இருந்தால் ஏற்றி இறக்குவதையும் கூலியோடு சேர்த்துப் பேசுவதில் தவறே இல்லை.

பச்சையாகத்தான் கிடைக்கும் என்றால் ஆனி, ஆடியிலேயே பேசி எடுத்துவிடுவது நல்லது. சோளகக் காற்றும் வெயிலும் இரண்டு மூன்று மாதத்தில் பிளந்த விறகைக் காய்த்துத் தந்துவிடும். புரட்டாதியில் எடுத்த பச்சை விறகு மாரிக்கு உதவாது.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். காணிக்காரரின் சொந்த வளவில் விழுத்தியது என்றால் பயமில்லை. "பின்னாலை காட்டுக்குள்ளை வெட்டி எடுங்கோ" என்று சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒதுக்கிய காட்டுக்குள் மரம் வெட்டிப் பிடிபடுகிறவர் கோடரியோடு நின்ற கூலிக்காரர்தான், அனுப்பியவர் அல்ல. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு, முன்பு குடிமனைகளாக இருந்த சில இடங்களும் காடாகக் கணக்கெடுக்கப்பட்டு, எல்லைக் கல் போடப்பட்டிருக்கிறது. எனவே எது வளவு, எது காடு என்பதே பல ஊர்களில் தகராறு. விறகை வீதியால் ஏற்றிப் போகு முன் பெர்மிட் வேண்டுமா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது. மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் போவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முகமாலைப் பக்கம் எத்தனை வருடமாக மிதிவெடிகளை அகற்றினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் வைத்து என் முடிவு இதுதான். மாரிக்கு உங்கள் வீட்டு அடுப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு விறகாக வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு நாள் வேலை செய்தாலும் காசாகவே கேளுங்கள். மிஞ்சிய விறகைச் சைக்கிளில் கட்டி ஏ9 வீதிக்குத் தள்ளிக்கொண்டு போய் விற்கும் பாட்டை, கூலி கொடுக்க வேண்டியவர் உங்கள் தலையில் கட்டக் கூடாது.

காஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 12.5 கிலோ சிலிண்டர் 2022 சித்திரையில் 2,675 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பில் சனம் வரிசையில் நின்ற அந்த நாட்களில் விறகடுப்பைக் கைவிடாத வன்னி வீடுகள் சமைத்துக்கொண்டிருந்தன. அவசரத்துக்குத் தேத்தண்ணி வைக்கக் காஸ் இருக்கட்டும். சோற்றுக்கும் நெல் அவிக்கவும் அதை நம்ப என்னால் முடியாது. மண்ணால் செய்த அனகி அடுப்பு ஒன்று வாங்கினால் ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம், விறகும் குறையும். பனங்காணி பக்கத்தில் உள்ளவர்களுக்குப் பன்னாடை, ஊமல், காய்ந்த மட்டை எல்லாம் பொறுக்கினாலே கிடைக்கும். ஆனால் பன்னாடையும் காய்ந்த மட்டையும் கெதியில் எரிந்து தீரும், பற்றவைக்கத்தான் நல்லவை.

இரண்டு கூலியையும்விட எனக்குப் பிடித்தது கிளிசறியா மர வேலி. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் அரசாங்கமே இதை அறிவித்தது. வேலிக்குக் கதியாலாக ஊன்றினால் தழைத்துவிடும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். குழை ஆட்டுக்கும் தென்னம் பாத்திக்கும் போகும், தடி அடுப்புக்கு வரும். பாலை விறகு போல நின்று எரியாது, உண்மைதான். ஆனாலும் காணியைச் சுற்றி வேலி நிறைய இருந்தால் சின்னக் குடும்பத்தின் அன்றாடச் சமையலில் பெரும் பங்கை அது தாங்கும் என்பது என் நம்பிக்கை. முதல் வெட்டுக்கு ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும், அதுவரைக்கும் மேலே சொன்ன பேரம்தான்.

ஆகவே இந்த முறை யாருடைய வேலியையாவது அடைக்கப் போனால், விறகோடு சேர்த்து அவர்கள் வெட்டி எறியும் கிளிசறியாத் தடிகளையும் கேட்டு வாங்குங்கள். முற்றிய, மணிக்கட்டுப் பருமனான தடியாகப் பார்த்து எடுத்து, ஐப்பசி முதல் மழையோடு உங்கள் எல்லையில் ஊன்றுங்கள்.