வாக்கியம் கோக்கும் அட்டைப் பெட்டி: இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஜூன் மாதம் பாரிமுனைக் கடை ஒன்றில் இந்தப் பெட்டியை வாங்கினேன். 340 ரூபாய், ஆங்கிலச் சொற்கள் அச்சிட்ட 120 அட்டைகள். எழுவாய்க்கு நீலம், வினைக்குச் சிவப்பு, செயப்படுபொருளுக்குப் பச்சை.

'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதைப் பிள்ளைகள் 'ஐ ரைஸ் ஈட்' என்றுதான் அடுக்குவார்கள். தமிழில் வினை கடைசியில் நிற்கும், அந்தப் பழக்கம். பலகையில் எழுதிப் போட்டால் மறுநாளே மறந்துவிடும். சிவப்பு அட்டையைத் தங்கள் கையாலேயே எடுத்து நடுவில் வைத்த பிறகு மறக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பையன் அட்டையே இல்லாமல், விரலைக் காற்றில் நகர்த்திக்கொண்டே சரியாகச் சொன்னான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

'இஸ்', 'ஆம்', 'ஆர்' மூன்றையும் மஞ்சளில் தனியாகக் கொடுத்திருப்பது ரொம்ப நல்ல யோசனை. 'அவர் டாக்டர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால்தான் 'ஹீ டாக்டர்' என்று நிறுத்திவிடுகிறார்கள். சிவப்போ மஞ்சளோ இல்லையென்றால் வாக்கியம் முடியவில்லை என்று சொல்லி வைத்தேன், பிடித்துக்கொண்டார்கள்.

கேள்விக்கு வந்தால்தான் பெட்டி கைவிட்டுவிடுகிறது. நமக்கு 'சாப்பிடுகிறான்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி தயார். ஆங்கிலத்தில் 'ஹீ ஈட்ஸ்' என்பது 'டஸ் ஹீ ஈட்' ஆக வேண்டும். வினையில் இருந்த 'ஸ்' முன்னால் 'டஸ்'ஸுக்குப் போய்விடுகிறது. இதைத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். பெட்டியிலோ 'டஸ்' அட்டையே இல்லை, 'ஈட்ஸ்' முழுதாக ஒரே அட்டையில் இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 'ஸ்'ஸுக்குத் தனி அட்டை நானே செய்துகொண்டேன்.

சொற்களும் அப்படித்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனிமனிதன் அட்டை எதற்கு? இட்லி, ஆடு, பஸ் என்று எழுதிச் சேர்த்தேன். அட்டை மெல்லிசு, ஒரு மாதத்தில் முனைகள் மடங்கிவிட்டன.

வாக்கியம் அடுக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே வெற்று அட்டை ஒரு கட்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.