வேலூரில் வாட்டர் கூலிங் கம்ப்யூட்டர் கட்டப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

காட்பாடி காந்தி நகரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. தை மாதம் வேலூரில் ஒரு கடையில் 2,78,000 ரூபாய் கொடுத்து, கஸ்டம் வாட்டர் கூலிங் போட்ட கம்ப்யூட்டர் கட்டி வாங்கினேன். வைகாசி முதல் வாரம் கிராஃபிக்ஸ் கார்டும் மதர்போர்டும் ஒரே ராத்திரியில் போயின. மூன்று கல்யாண வேலை பாதியில் நின்றது. அதில் ஒரு வீட்டுக்காரர் குடியாத்தத்திலிருந்து நேரில் வந்து, "பொண்ணு துபாய் கிளம்புறதுக்குள்ள பாட்டி பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு ஆசைப்படுதுங்க" என்றார். அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், முடியும் வரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

என் எடிட்டிங் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. வேலூர் வெயில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கத்திரியில் வெளியே 40 டிகிரி தாண்டிவிடும், அந்த அறையில் மதியம் சுவரில் கை வைக்க முடியாது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் கூலிங்தான். வெயில் காலம் வந்தால் ரெண்டரிங் பாதியிலேயே திணறும். கடைத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "ஏசியே தேவையில்லண்ணா. தண்ணி ஓடிக்கினே இருக்கும், சில்லுனு இருக்கும்" என்றார். நம்பினேன். இது முதல் பொய். தண்ணீர் எதையும் தானாகக் குளிர வைப்பதில்லை. சிப்பில் இருக்கும் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, ரேடியேட்டர் அதை அறைக் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். அறை 38 டிகிரி இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போகவே போகாது. தண்ணீர் சுற்றி வரும் இந்தப் பாதையைத்தான் லூப் என்பார்கள். நன்றாகக் கட்டிய லூப்பிலேயே லோடு ஏறும்போது அறையைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் கூடத்தான் இருக்கும். மேல்மாடி அறைக்கு ஏசி கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்கே நேர்மையாகச் சொல்லியிருந்தால், நான் அந்தப் பணத்தில் ஏசி வாங்கிவிட்டு கம்ப்யூட்டருக்கு நல்ல ஃபேன் கூலரோடு நிறுத்தியிருப்பேன்.

வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. கூலிங்குக்கு மட்டும் 62,000 ரூபாய்: 360 மி.மீ. காப்பர் ரேடியேட்டர் இரண்டு, பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), ப்ராசஸருக்கும் கார்டுக்கும் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் காப்பர் பிளாக், ஹார்டு ட்யூப் (கெட்டியான பிளாஸ்டிக் குழாய்), இம்போர்ட்டட் கூலன்ட் (உள்ளே ஓடும் திரவம்). பணத்தை பேங்க் வழியாக அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "பில்லுன்னா 18 பர்சன்ட் தனியா ஆவும்ணா, எஸ்டிமேட்லயே போட்டுக் குடுக்கிறேன்" என்றார். கையில் வந்த தாளில் ஒரே வரி: "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1". ஒத்துக்கொண்டது என் தப்பு, மறுக்கவில்லை. எந்தப் பொருள், எந்தக் கம்பெனி, எந்த சீரியல் நம்பர், ஒன்றும் அதில் இல்லை.

வந்து இறங்கியபோது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே நீலத் தண்ணீர், வளைத்து விட்ட ட்யூப். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பங்குனி கடைசியில் சூடு ஏறத் தொடங்கியது. முதலில் 40 நிமிஷத்தில் முடிந்த எக்ஸ்போர்ட் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. ப்ராசஸர் 95 டிகிரியில் முட்டி நின்று, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. நீலத் தண்ணீர் கலங்கி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது. போன் செய்தேன். "கலர் கொஞ்சம் மாறும்ணா, ஒன்னும் ஆவாது." மறுபடி செய்தேன். "முகூர்த்த நாள்ல ஏண்ணா நிறுத்தணும், சீசன் முடிஞ்சதும் எடுத்துக்கினு வாங்க." அந்தப் பேச்சைக் கேட்டு ஓட விட்டேன். அப்போதே நிறுத்தியிருந்தால் கார்டாவது தப்பித்திருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கருகல் வாடை வந்து எழுந்தேன். கார்டின் மேல் விளிம்பில் ட்யூபை இணைக்கும் ஒரு ஃபிட்டிங் கசிந்து, சொட்டு சொட்டாக போர்டில் இறங்கியிருந்தது.

காலையில் நானே கழற்றினேன். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்துக்கொண்டே கழற்றினேன். கசிந்த இடத்தில் ட்யூப் முனையை விரலால் தடவினால் பிளேடு மாதிரி இருந்தது. ஹார்டு ட்யூபை அறுத்த பிறகு முனையை மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கித்தான் ஃபிட்டிங்கில் சொருக வேண்டும். இவர்கள் அறுத்ததும் அப்படியே சொருகிவிட்டார்கள். உள்ளே கசிவைத் தடுக்கும் கறுப்பு ரப்பர் வளையமான ஓரிங்கில் பிறை வடிவில் ஒரு வெட்டு. அந்த வெட்டோடு நாலு மாசம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

ப்ராசஸர் பிளாக்கைத் திறந்தேன். காகிதம் செருகினால்கூட இறுக்கும் அளவுக்கு நெருக்கமான செம்புத் தகடுகள், அந்தச் சந்துகள் முழுக்க வெள்ளையாகப் பிசின் மாதிரி அடைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷால் தள்ளியும் வரவில்லை. செம்பில் இப்படி வெள்ளையாக வராதே என்று அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

ரேடியேட்டர் இரண்டையும் கழற்றி மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பெங்களூரில் இருக்கும் நண்பரை அவருடைய 360 காப்பர் ரேடியேட்டரை எடை போட்டுப் பார்க்கச் சொன்னேன், ஒரு கிலோவைத் தாண்டியது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொணவட்டத்தில் லாரி ரேடியேட்டர் பற்றவைக்கும் பாயிடம் போனேன். முப்பது வருஷமாக அந்த வேலை செய்கிறவர். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்ததுமே சிரித்தார். கத்தி முனையால் ஓரத்தில் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார், உள்ளே வெள்ளி நிறம். பிறகு தீயைக் காட்டி ஈயக்கம்பியை வைத்தார். ஈயம் மணி மணியாக உருண்டு தரையில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த பழைய லாரி ரேடியேட்டரின் பித்தளை ஓரத்தில் அதே கம்பியை வைத்தார், தண்ணீர் மாதிரி பரவி ஒட்டிக்கொண்டது. "செம்போ பித்தளையோ இருந்தா ஈயம் இப்படிப் புடிக்கும் தம்பி. இது அலுமினியம். எவன் உங்களுக்கு செம்புன்னு வித்தான்?"

அலுமினியம் விலை குறைவு என்பது மட்டும் பிரச்சினை இல்லை. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் நனைய விட்டு உலோகத்தால் இணைத்தால், அது பேட்டரி மாதிரி வேலை செய்யும். இரண்டில் அலுமினியம்தான் வேகமாக அரிபடும் உலோகம், அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெள்ளைப் பிசினாக மாறி, எங்கே சந்து குறுகலோ அங்கே போய் அடைக்கும். என் பிளாக்கில் இருந்தது அதுதான். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு மூன்றும் ஒரே லூப்பில் இருக்கலாம். அலுமினியம் கூடாது. இந்த வேலையைச் செய்கிறவர் முதல் நாளில் கற்க வேண்டிய பாடம் இது.

கடையில் இதைக் கேட்டபோது வந்த பதில், "ஏஐஓ கூலர்லகூட அலுமினிய ரேடியேட்டர்தாண்ணா வருது, அது மட்டும் ஓடுதில்ல?" இதைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். ஏஐஓ என்பது கம்பெனியிலேயே அரிப்புத் தடுப்பு மருந்து கலந்த திரவத்தை நிரப்பி, மூடி சீல் வைத்து வருவது. அதற்கும் ஆயுள் உண்டு. கடையில் திறந்து, கடையில் நிரப்பும் லூப் வேறு.

அவர்கள் நிரப்பியது என்ன தண்ணீர் என்று பாருங்கள். ஆர்ஓ சர்வீஸ் செய்யும் பையனிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி, லூப்பிலிருந்து வடித்த தண்ணீரில் வைத்தேன். 340 காட்டியது. ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி தண்ணீரில் வைத்தால் 2. அரிப்பில் கரைந்த உலோகமும் அந்த 340-இல் சேர்ந்திருக்கும் என்பது தெரியும். ஆனால் அந்தக் கடையில் வேலை பார்த்து விலகிய ஒரு பையன் பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டான்: கடையில் குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரில் நீலக் கலர் கலந்துதான் ஊற்றுவார்களாம். அதற்குத்தான் "இம்போர்ட்டட் கூலன்ட்" என்று 4,500 ரூபாய். நம் பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பக்கெட் ஓரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். கேனில் வருவதும் சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் கிடையாது. உப்பு இருந்தால் அரிப்பும் கூடும், கசிந்தால் ஷார்ட்டும் ஆகும். "இந்தத் தண்ணி கரண்ட் கடத்தாது" என்று யாராவது சொன்னால், புதிதாக ஊற்றும் அன்றைக்கு வேண்டுமானால் ஓரளவு உண்மை. ஓட ஓட உலோகம் கலந்து கடத்தத் தொடங்கிவிடும்.

லீக் டெஸ்ட்டும் செய்யவில்லை. அவர்களே அனுப்பிய போட்டோவில் ராத்திரி 7.10-க்கு நிரப்புகிறார்கள், மறுநாள் காலை 11 மணிக்கு என் வீட்டில் இருக்கிறது. ஒழுங்காகச் செய்பவர்கள் தண்ணீர் ஊற்றும் முன்பே காற்றை அடித்து, அரை பார் அளவு அழுத்தத்தில் அரை மணி நேரம் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் முழுக்க விடுவார்கள். ஈரம் பட்டால் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும், பொருளுக்குச் சேதம் இல்லை.

எனக்கு மனசு ஆறாத விஷயம் கார்டுதான். வாட்டர் பிளாக் போட அதன் ஃபேனையும் ஹீட்சிங்க்கையும் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ மேல் ஒட்டியிருந்த வாரன்டி ஸ்டிக்கரைக் கிழித்திருக்கிறார்கள். வாரன்டி போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழற்றிய ஒரிஜினல் கூலரையும் என்னிடம் தரவில்லை. கேட்டால் "அது வேஸ்ட்தானேண்ணா, போட்டுட்டோம்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் கார்டைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

ஆகவே யாரிடம் கட்டினாலும், ஒவ்வொரு பொருளின் பெயரும் என்ன உலோகம் என்பதும் ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த 18 சதவீதத்துக்குப் பயந்து நான் இழந்தது அதைவிடப் பல மடங்கு. கூலன்ட் பாட்டிலின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் நடக்கும்போது ஒரு தடவையாவது கடைக்குப் போய் நில்லுங்கள். கார்டின் பழைய கூலரை, ஸ்க்ரூ உட்பட, கவரில் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன், கடைக்காரர் அசையவில்லை. பிறகு சத்துவாச்சாரியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். "தொழிலுக்கு வாங்கினது, நீ நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் மிரட்டினார். அது முழு உண்மை இல்லை. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவிலேயே, சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோர்தான் என்று விளக்கம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முறையான பில் இல்லாவிட்டாலும் பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் கொட்டேஷன், போனில் இருக்கும் போட்டோ எல்லாவற்றையும் வைத்தேன், எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர்கள் பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள்.

என் மாதிரியே இந்த வருஷம் நீலத் தண்ணீர் லூப் வாங்கிய வேறு சிலரும் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பதாகக் கடையிலிருந்து விலகிய அந்தப் பையன் சொன்னான். உங்களில் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே கண்ணாடிக் கதவு வழியாக ரிசர்வாயரைப் பாருங்கள். தண்ணீர் வெளுத்திருந்தால், அடியில் மாவு மாதிரி படிந்திருந்தால், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். போட்டோ எடுத்துவிட்டு வடியுங்கள். வடித்ததைக் கீழே கொட்டாமல் ஒரு பாட்டிலில் மூடி, தேதி எழுதி வையுங்கள். என்னுடைய பாட்டிலும், பெயிண்ட் சுரண்டாத இரண்டாவது ரேடியேட்டரும், வெட்டுப்பட்ட ஓரிங்கும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.