முடுக்கம் புரிய வைக்க: சாய்தளமா, செல்போன் வீடியோவா?

மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் முடுக்கம் எவ்வளவு? பதினொன்றாம் வகுப்பில் பலர் “பூஜ்யம்” என்பார்கள். திசைவேகத்தையும், அது மாறும் வீதமான முடுக்கத்தையும் ஒன்றாக்கிக்கொள்வதால் வரும் வினை. இதைத் தீர்க்க இரண்டு வழிகள்: சாய்தளத்தில் குண்டை உருட்டி நேரம் பார்ப்பது, மேலே எறிந்த பந்தைச் செல்போனில் வீடியோ எடுத்து ஃபிரேம் (தனிப்படம்) வாரியாக அளப்பது.

செலவு
சாய்தளம்: நீளவாக்கில் பிளந்த 2 மீட்டர் பிவிசி குழாய், ஒரு கோலிக்குண்டு.
வீடியோ: செல்போன், மீட்டர் அளவுகோல்.

அளவு
சாய்தளம்: ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தினால் குண்டு 2 மீட்டரை ஏறக்குறைய 5 வினாடியில் கடக்கும்; முதல் 50 செ.மீ.க்கு அதில் பாதி நேரம். ஸ்டாப்வாட்சே போதும்.
வீடியோ: வினாடிக்கு 30 ஃபிரேம். பந்து ஏறும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நகர்வு சுமார் 1.1 செ.மீ. குறையும், இறங்கும்போது அதே அளவு கூடும். உச்சியிலும் இந்த 1.1 மாறாது. முடுக்கம் அங்கே நிற்கவில்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சறுக்கும் இடம்
சாய்தளம்: g (புவியீர்ப்பு முடுக்கம்) கணக்கிட்டால் 9.8 மீ/வி² வராது, 7 அல்லது அதற்கும் கீழே வரும். உராய்வைத் திட்ட வேண்டாம். குண்டு உருள்வதற்கும் ஆற்றல் போகிறது.
வீடியோ: அளவுகோல் பந்துக்குப் பின்னால் தள்ளி இருந்தால் எல்லா அளவும் தப்பு. வெளிச்சம் குறைந்தால் பந்து கோடாக இழுபடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு, தொலைவு நேரத்தின் இருமடியைப் பொறுத்தது என்று காட்டச் சாய்தளம். உச்சிக் குழப்பத்துக்கு வீடியோதான். அதிலே சாய்தளம் உதவாது, குண்டைக் கீழிருந்து மேலே உருட்டிவிட்டாலொழிய.