கும்பகோணமா, திருவையாறா?

காவிரிக்கரையில் ஒரே ஒரு நாள் சுற்றலாம் என்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

போய்ச் சேர: கும்பகோணத்துக்கு ரயிலே போகிறது. திருவையாற்றுக்கு தஞ்சாவூரில் இறங்கி 13 கிலோமீட்டர் பஸ்.

பழைய கதை: கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள், சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த ஓட்டு வீடு. ஜன்னலோரம் ஒரு கட்டில், அவ்வளவுதான் அந்த அறை. திருவையாற்றில் கர்நாடக இசைமேதை தியாகராஜர் சமாதி. 1847இல் மறைந்தவருக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

ஊர் கூடுவது: மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்தது 2028. திருவையாற்றில் தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனை வருடந்தோறும், பெரும்பாலும் ஜனவரியில். வித்வான்கள் தரையில் உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது பாட்டு தெரியாதவரும் கூடவே முணுமுணுப்பார்.

வாய்க்கு: கும்பகோணத்தில் டிகிரி காபி, கொழுந்து வெற்றிலை. திருவையாற்றில் அசோகா என்னும் பாசிப்பருப்பு அல்வா. என் ஓட்டு அசோகாவுக்கு.

ஆறு? மேட்டூர் அணை திறக்காத மாதங்களில் இரண்டு ஊரிலும் மணல்தான்.

குழந்தைகளோடு, கோயில் கோயிலாகப் பார்க்க கும்பகோணம். படித்துறையில் சும்மா உட்கார திருவையாறு.