லேண்ட்மாஸ்டரா, அம்பாசடரா?

செங்கோட்டைல எங்க தாத்தா கல்யாண போட்டோ ஒன்னு இருக்கு, கேரளா பக்கம் ஆரியங்காவுல எடுத்தது, அதுல நிக்கிற கார வீட்ல எல்லாரும் அம்பாசடர்னு அடிச்சு சொல்றாங்க, எனக்கு லேண்ட்மாஸ்டர்னு தான் படுது. ரெண்டும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வண்டிதான். லேண்ட்மாஸ்டர் 1954ல வந்தது, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுங்கற இங்கிலாந்து காரோட சீரிஸ் 2 மாடல வச்சு செஞ்சது; அம்பாசடர் அதுக்கப்புறம், அதே காரோட சீரிஸ் 3 மாடல வச்சு.

முன்பக்க கிரில்ல மட்டும் நம்பாதீங்க, பழைய போட்டோல அது வெளிறி போயிருக்கும். பின்பக்கத்த பாருங்க, அம்பாசடர்னா டெயில் லைட் மேல சின்னதா துடுப்பு மாதிரி எழும்பி நிக்கும், லேண்ட்மாஸ்டர்ல அப்படியே உருண்டு இறங்கிடும். பானெட்லயும் அம்பாசடருக்கு ரெண்டு பக்கமும் குழிவு ஓடும், மத்தது வழுவழுன்னு இருக்கும். நம்பர் பிளேட்ல கேஎல்னு இருந்தா 1956ல கேரளா உருவானதுக்கு அப்புறம்னு தெரியும், எந்த கார்னு தெரியாது.

எங்க போட்டோல பின்பக்கம் உருண்டைதான், துடுப்பே இல்ல.