மின்விசிறியிடம் தோற்ற லேப்டாப்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டான். "மச்சி, உன்கிட்ட இருக்கற அதே மாடல்தானே இது? செகண்ட்ஹேண்ட்ல எட்டாயிரம் சொல்றாங்க. பையனுக்கு வாங்கலாமா?" அதே மாடல்தான். ஒரு வார்த்தையில் பதில் போடலாமென்று உட்கார்ந்தேன், முடியவில்லை. பதினோரு வருஷக் கோபம் ஒரு வார்த்தையில் அடங்காது.

2014 தீபாவளி சமயத்தில் வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடையில் 4 ஜிபி ரேம் 8 ஆனது, ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது, பேட்டரி இரண்டு முறை மாறியது. அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேமும் டிஸ்க்கும் கைக்கு வந்துவிடும், இன்றைக்கு வருகிற மெல்லிசு லேப்டாப்களில் இந்தச் சுகம் கிடையாது. கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. மூடியின் ஹின்ஜ் ஆடவில்லை. சத்தம் மட்டும் வராது.

வரவே வராது என்றில்லை. வால்யூம் 100 வைத்தால் பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோ கேட்கிற மாதிரி வரும். புதிதில் சுமாராக இருந்தது, நாலைந்து வருஷத்தில் முனகலாகிவிட்டது. அம்மா அதில்தான் பழைய பாட்டு கேட்பார். ஃபேனை மூன்றில் வைத்தால் பாட்டு கேட்காது, நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். செங்கல்பட்டில் மே மாதம் ஃபேன் இல்லாமல் எந்தப் பாட்டும் இனிக்காது. "பாட்டா காத்தா, ஏதாவது ஒண்ணுதான் இந்த வீட்டுல" என்று ஒரு நாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது.

முதல் ரவுண்ட், செட்டிங்ஸ். அப்போது விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருக்கிற ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்தால், மொத்த வால்யூம் 100, பிரவுசருக்கு மட்டும் 35. எப்போது குறைத்தேன், யார் குறைத்தது, தெரியாது. ஒரு வருஷமாவது அப்படியே இருந்திருக்கும். அதே சவுண்ட் செட்டிங்ஸில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. ஏதாவது அழைப்பு ஓடுகிறது என்று தெரிந்தால் மற்ற சத்தத்தை எல்லாம் 80 சதவீதம் குறைக்கும்படி அதில் ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டிருக்கும். அழைப்பில் பேசுகிறவருக்கு நல்ல வசதிதான், அது எனக்குத் தெரியாமல் போனது என் தவறு. 'ஒன்றும் செய்யாதே' என்பதற்கு மாற்றினேன். ஸ்பீக்கரின் ப்ராபர்ட்டீஸில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று இருந்தது, சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவாக்குவது, அதையும் டிக் செய்தேன். வசனமெல்லாம் நன்றாக மேலே வந்தது. பாட்டு மட்டும் தட்டையாகிவிட்டது, பல்லவியும் இடையிசையும் ஒரே உயரத்தில் நின்றன. அடுத்த டிரைவர் அப்டேட்டில் அந்த டிக் பெட்டியே காணாமல் போனது தனிக்கதை.

பிறகு பேராசை. விஎல்சி பிளேயரில் வால்யூமை 125 வரை இழுக்கலாம். பிரவுசருக்கு 600 சதவீதம் ஏற்றித் தருகிறேன் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. ஏற்றினேன். சத்தம் வந்தது, கூடவே கரகரப்பும் வந்தது. சின்ன ஸ்பீக்கர், இரண்டு வாட் தாங்கினால் அதிகம். அதற்குமேல் தள்ளினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும், அதுதான் அந்தக் கரகரப்பு. இடது பக்க ஸ்பீக்கர் கிழிந்ததற்கு அந்த 600 சதவீதம்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறேன். நிரூபிக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிப் பார்ப்பது. அதில் சத்தம் காதைக் கிழித்தால் செட்டிங்ஸ் சரி, குறை ஸ்பீக்கரில். அதிலும் முனகினால் செட்டிங்ஸைத் தோண்டலாம். பத்து விநாடி வேலை. நான் அதைச் செய்தது இரண்டு வருஷம் கழித்து, ஹெட்ஃபோனை வேறொன்றுக்காக மாட்டியபோது. 40 வைத்ததற்கே கழற்றி எறிந்தேன்.

நடுவில் அம்மா ஒன்று கண்டுபிடித்தார். ஸ்பீக்கர் இரண்டும் முன்பக்க விளிம்புக்கு அடியில், தரையைப் பார்த்து இருக்கின்றன. மெத்தையில் வைத்தால் மெத்தையோடு பேசும். ஒரு நாள் மேஜை ஈரமாக இருந்ததென்று முறுக்கு வைக்கிற எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தார். அறைக்குள் நுழைந்த நான் புது ஸ்பீக்கர் வாங்கிவிட்டார்களோ என்று நினைத்தேன். மெத்தை விழுங்கியதைத் தாம்பாளம் திருப்பி அனுப்பியது. என் இரண்டு வருஷ ஆராய்ச்சியைவிட இது உருப்படி. இன்றும் அந்தத் தாம்பாளம் சமையலறைக்குத் திரும்பவில்லை.

பிறகுதான் திறந்து பார்த்தேன். ஸ்பீக்கர் வலைமேல் தூசி பஞ்சுபோலப் படிந்து, மேலே எண்ணெய்ப் பிசுக்கு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டியெடுத்தேன், கொஞ்சம் தெளிந்தது. இடது ஸ்பீக்கரின் ஓரம் கிழிந்திருந்தது. மாற்றித்தான் ஆகவேண்டும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் நடந்து, ஏழெட்டுக் கடை ஏறினேன். இந்த மாடலின் அசல் ஸ்பீக்கர், அதன் பெட்டியோடு, எந்தக் கடையிலும் இல்லை. அளவில் ஒத்துப்போகிற ஜோடி ஒன்று 350 ரூபாய்க்குக் கிடைத்தது. எங்கள் ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன். பழைய கனெக்டரை வெட்டி, புது ஸ்பீக்கரின் வயரில் பற்றவைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து போட்டால் விசித்திரம். அம்மாவின் பேத்தி போட்ட புதுப் பாட்டு பரவாயில்லை. அம்மாவின் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "புதுப் பாட்டெல்லாம் கேக்குது, என் பாட்டு மட்டும் கேக்கல" என்றார். வயசாகிவிட்டது, காது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடையில் கேட்டால், "பழைய மெஷின் சார், இவ்ளோதான் வரும்."

ஒரு மாதம் கழித்து, ஏதோ நோண்டும்போது, இடது வலது ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பங்கிடுகிற பேலன்ஸை முழுக்க இடதுபக்கம் தள்ளினேன். சத்தம் கூடியது! ஒரு ஸ்பீக்கர் பாடினால் கணீரென்று இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சோகையாகிறது. விஷயம் பிடிபட்டது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கிற ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும், அடிநாதம் முதலில் போகும். அம்மா கேட்கிற பழைய சினிமாப் பாட்டுகள் மோனோ, இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே ஒலி. அதனால் முழுப் பாட்டும் அடிபட்டது. புதுப் பாட்டில் இடதும் வலதும் வேறு வேறாக இருப்பதால் ஏதோ தப்பித்தது. அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை.

திரும்பத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே துள்ளும், மாறியிருந்தால் உள்ளே போகும். இடதில் வெளியே வந்தது, வலதில் உள்ளே போனது. வலது வயர் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தேன். என் சால்டரிங் அழகை யாருக்கும் காட்டமாட்டேன். ஆனால் மூடிவிட்டுப் போட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து, "கொஞ்சம் குறைடா" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் முறை.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றபோது லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறினேன். முதல் நாளே சத்தம் மறுபடி முனகல், எனக்கு நெஞ்சு அடைத்தது. கட்டளை தட்டுகிற டெர்மினலில், அல்சாமிக்ஸர் என்கிற சத்தம் கூட்டிக் குறைக்கும் புரோகிராமைத் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால், மாஸ்டர் 100, அதற்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் 60. ஏற்றினேன், முடிந்தது. மின்டில் 150 வரை ஏற்றவும் வழி உண்டு. தொடவில்லை, பாடம் படித்தாயிற்று.

சரி, நண்பனுக்குப் பதில். நல்ல மெஷின்தான்டா. ஆனால் வாங்காதே. படிக்கிற பையன் ஆன்லைன் வகுப்பு கேட்பான், வாத்தியார் பேசுவது ஃபேனுக்கு மேலே கேட்காது, நீ தாம்பாளம் தேடி அலைவாய். எட்டாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்து வேறு ஏதாவது பார்.

ஒரே ஒரு உதவி. மறுப்பதற்கு முன் விற்கிறவரிடம் ஒரு பழைய பாட்டு போடச் சொல்லி, பேலன்ஸை இடதும் வலதும் நகர்த்திக் கேள். இரண்டு பக்கமும் கரகரப்பில்லாமல் பாடினால் எனக்கு உடனே போன் பண்ணு. நான் ஒட்டவைத்திருக்கிற ஸ்பீக்கருக்கு அடியில் பெட்டி இல்லை, டபுள் சைடு டேப்தான், தபேலா வந்தால் தகர டப்பா மாதிரி இருக்கிறது. அசல் பெட்டி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. ஏழாயிரத்துக்குப் பேசி முடி, நான் எடுத்துக்கொள்கிறேன்.