காட்ஸ்வோல்ட் குழு நடை: நடை ஓகே, சாப்பாடு சொதப்பல்

பெங்களூரு ஜெயநகர் ஏஜென்ட் ஒருவர் மூலம் பதிவு செய்தது. இங்கிலாந்தின் நடைபாதையான காட்ஸ்வோல்ட் வே மொத்தம் 164 கிலோமீட்டர், சிப்பிங் கேம்டனில் தொடங்கி பாத் நகரில் முடியும். முதல் நாள் பிராட்வே டவர் வரை புல்மேட்டு நடை சுகம், அப்புறம் மழை பிடித்து ஆடு மேயும் வயலெல்லாம் சேறு, வழுக்கும் இறக்கத்தில் வழிகாட்டிப் பெண் என் மாமியார் கையை விடாமல் பிடித்து இறக்கிவிட்டார், அந்தப் பொறுமைக்கே முழு மதிப்பெண். பெட்டிகள் வண்டியில் அடுத்த விடுதிக்குப் போய்விடும். மதியச் சாப்பாடுதான் மோசம்: சைவம் என்று முன்பே எழுதியும் ஆறிப்போன சீஸ் சாண்ட்விச் (கொண்டுபோன காந்தி பஜார் தட்டை முறுக்குதான் காப்பாற்றியது). கப்பன் பார்க் சமதளத்தில் மட்டும் நடப்பவர்கள், போகும் முன் நந்தி மலையில் கொஞ்சம் ஏறிப் பழகுங்கள்.